பித்தைக் காதுக்குக் கொடுப்பது எப்படி: குயின் இசைக்குழுவை முன்வைத்து

பதினைந்து, பதினாறு வயதில் ஒரு ராக் இசைக்குழுவின் மேல் பித்துக்கொண்டவருக்கு என்ன நடக்கும் என்பது, அதைக் கடந்து வந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுவதும் அந்தக் குழுவின் பெயர் விதவிதமான எழுத்தில் வரையப்பட்டிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் "இந்தப் பாட்டு முடியட்டும்" என்று பதில் வரும். வீட்டுக்கு வரும் விருந்தாளி எவரும் அந்தக் குழுவின் வரலாற்றில் ஒரு பகுதியையாவது கேட்காமல் திரும்ப முடியாது. வீட்டார் இதை ஒரு காய்ச்சலாக எண்ணி, தானாக இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். பெரும்பாலும் அது இறங்கத்தான் செய்கிறது. ஆனால் அது இருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில், ஒரே பாட்டை நூறு முறை சலிக்காமல் கேட்கும் பொறுமை ஒருவருக்கு வாய்க்கிறது. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு அந்தப் பொறுமையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைச் சட்டையிலும் சுவரொட்டியிலும் கரைக்காமல் காதுக்குக் கொடுப்பது எப்படி என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

எடுத்துக்காட்டாக நான் இங்கிலாந்தின் குயின் குழுவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், எனக்குப் பிடித்த பித்து அது என்பதுதான். வேறொரு காரணமும் உண்டு. அந்தக் குழுவில் இருந்தவர்களே இளம் வயதில் உங்களைப் போன்ற ரசிகர்களாக இருந்தவர்கள். சான்சிபாரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்து, அங்கே பியானோ கற்று, 1964இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போன ஃபரூக் புல்சாரா என்ற பையன், ஓவியக் கல்லூரியில் படித்தபோது ஜிமி ஹென்ட்ரிக்ஸின் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். கிட்டார் வாசிக்கும் பிரையன் மேயும் டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லரும் ஸ்மைல் என்ற பெயரில் நடத்திய சிறு குழுவுக்கும் அவர் ரசிகர். நிகழ்ச்சி முடிந்ததும் "இப்படிச் செய்யக்கூடாதா, அப்படி உடுத்தக்கூடாதா" என்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தவர். 1970இல் அந்தக் குழுவின் பாடகர் விலகியதும் இவரே பாடகரானார், குழுவுக்கு குயின் என்று பெயர் வைத்தார், தன் பெயரையும் ஃப்ரெடி மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டார். கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசிக்கும் ஜான் டீக்கன் 1971இல் வந்து சேர்ந்தார். உங்களுக்கு வேறொரு குழு பிடித்திருந்தால், கீழே நான் சொல்லும் முறைகளை அந்தக் குழுவுக்குப் பொருத்திக்கொள்ளலாம், பெயர்கள்தான் மாறும்.

முதலில் செய்ய வேண்டிய ஏற்பாடு

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் ராக் இசை கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்தச் சிறு ஒலிபெருக்கியால் கீழ்ச்சுருதி ஒலிகளை எழுப்ப முடியாது என்பதால், ஜான் டீக்கன் என்ற மனிதர் அந்தக் குழுவில் இருந்ததே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு பக்கமும் சரியாக வேலை செய்யும் சாதாரண கம்பி இயர்போன் போதும். பிறகு கைப்பேசியின் அமைப்புகளுக்குள் போய், இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகக் கலந்துவிடும் மோனோ ஆடியோ என்ற வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுக் கேட்கும் செயலியில், வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள், ஒரு பாட்டின் முடிவையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் குழைத்துவிடும் கிராஸ்ஃபேட், ஆல்பம் முடிந்ததும் தானாக வேறெதையோ ஓட்டும் ஆட்டோபிளே ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள். 1974இல் வந்த குயினின் இரண்டாவது ஆல்பத்தில் பாடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியே ஓடுகின்றன. இடையில் செயலி கை வைத்தால் அந்த ஒட்டு கெட்டுவிடும்.

ஒலி அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. பெரியவர்களுக்கே 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பேருந்து இரைச்சலை அமுக்குவதற்காக ஒலியைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் காதைக் கெடுக்கிறது. ஆகவே பேருந்தில் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் அமைதியான நேரத்தில், பாதி அளவுக்குச் சற்று மேலே வைத்துக் கேளுங்கள். இரவில் காதுக்குள் விசில் போல ஒரு ஒலி நின்று ஒலித்தால், அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள்.

எந்த ஆல்பத்தில் தொடங்குவது

பெரும்பாலோர் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பின் வழியாகத்தான் இந்தக் குழுவுக்குள் நுழைகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அங்கேயே குடியிருந்துவிடக் கூடாது. கல்யாண வீட்டில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு வந்தவர், சாப்பாடு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. 1973க்கும் 1995க்கும் இடையில் குயின் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் 15. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், காலாண்டுத் தேர்வு விடுமுறையில் தொடங்குபவர் பொங்கலுக்குள் முடித்துவிடலாம். பொதுத்தேர்வு எழுதுபவருக்கும் அது இடைஞ்சலாக இராது.

முதல் வாரத்துக்கு 1975 நவம்பரில் வெளிவந்த 'எ நைட் அட் தி ஓபரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 43 நிமிடம் ஓடும் இந்த ஆல்பத்தில் நான்கு பேரும் பாட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே யாருடைய கை எது என்று கண்டுபிடிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆரவாரமில்லாத 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' டீக்கன் எழுதியது. அதில் ஒலிக்கும் மின் பியானோவையும் அவரே வாசித்தார், ஏனென்றால் மெர்க்குரிக்கு அந்தக் கருவியின் ஒலியே பிடிக்கவில்லை. காரின் மேல் காதல்கொண்ட ஒருவனைப் பற்றிய பாட்டு டெய்லருடையது, பாடியவரும் அவரே. ''39' என்ற பாட்டு, கேட்பதற்கு ஏதோ கிராமத்துப் பாட்டுப் போல இருக்கும். விண்கலத்தில் ஓராண்டு பயணம் செய்துவிட்டுத் திரும்பி வரும்போது பூமியில் நூறாண்டு கழிந்து, தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்திருப்பதைச் சொல்லும் சார்பியல் கதை அது; எழுதிப் பாடியவர் வானியற்பியல் படித்த பிரையன் மே. அதில் இரட்டை பேஸ் என்ற ஆளுயரக் கருவியை வாசிக்கும்படி அவர் விளையாட்டாகக் கேட்க, சில நாட்களில் டீக்கன் அதை உண்மையாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டு வந்து நின்றார் என்பார்கள். எனக்கு இந்தக் குழுவில் மிகவும் பிடித்த மனிதர் டீக்கன்தான் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

'குட் கம்பெனி' பாட்டின் நடுவே கேட்கும் ஜாஸ் வாத்தியக் குழுவைப் பற்றி ஒரு சோதனை செய்து பாருங்கள். அதில் என்னென்ன ஊதுகருவிகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு இந்த உண்மையைப் படியுங்கள்: அதில் ஊதுகருவி ஒன்றுகூட இல்லை. அவை எல்லாவற்றையும் மே தன் மின் கிட்டாரிலேயே ஒவ்வொரு சுரமாகச் சேர்த்து எழுப்பினார். அதற்குப் பயன்பட்ட சிறு ஒலிபெருக்கி, தெருக் குப்பைத்தொட்டியில் கிடைத்த மின்சுற்று அட்டையைக் கொண்டு டீக்கன் செய்தது. அந்தக் காலத்து ஆல்ப உறைகளில், மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் சிந்தசைசர் எதுவும் பயன்படுத்தவில்லை என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். 1980இல் 'தி கேம்' வந்தபோதுதான் அந்த விரதத்தைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் 1974இல் வந்த 'ஷியர் ஹார்ட் அட்டாக்'. அதன் பிறகு முதல் ஆல்பத்துக்குத் திரும்பி, அங்கிருந்து ஆண்டு வரிசையிலேயே மேலே வாருங்கள். நடுவில் 1982இன் 'ஹாட் ஸ்பேஸ்' வரும்போது முகம் சுளிப்பீர்கள்; ராக் ரசிகர்கள் பலர் அப்போதும் சுளித்தார்கள். இருந்தாலும் தாண்டிவிடாதீர்கள். பிடித்த குழு செய்த பிடிக்காத ஆல்பத்தை ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு பத்தியாவது எழுதிப் பார்த்தவருக்குத்தான், பிடித்ததைப் பற்றிச் சொல்வதற்கும் சொற்கள் கிடைக்கும்.

ஒரே பாட்டை நான்கு முறை கேட்பது

இனி முக்கியமான பயிற்சிக்கு வருவோம். 'பொஹீமியன் ராப்சடி'யை எடுத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்பதாலேயே பெரும்பாலோர் சரியாகக் கேட்காத பாட்டு அது. 5 நிமிடம் 55 விநாடி ஓடும் இந்தப் பாட்டு, வானொலிக்கு நீளம் அதிகம் என்ற பலருடைய ஆட்சேபத்தையும் மீறி 1975இல் தனிப்பாடலாக வெளிவந்து, பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் நின்றது.

முதல் முறை எதையும் செய்யாமல், கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேளுங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

இரண்டாம் முறை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டு எங்கெல்லாம் உடை மாற்றிக்கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாத்தியம் அதிகமில்லாமல் குரல்களே அடுக்கடுக்காக வரும் தொடக்கம் 49ஆவது விநாடி வரை. பிறகு பியானோவோடு ஒரு சோகப் பாட்டு. 2 நிமிடம் 37 விநாடி அளவில் கிட்டார் தனி ஆவர்த்தனம். 3 நிமிடம் 5 விநாடியில் ஓபரா, அதாவது மேலை இசை நாடகப் பாணி. 4 நிமிடம் 7 விநாடியில் முழு வேகத்தில் ராக். 4 நிமிடம் 54 விநாடிக்குப் பிறகு மெல்ல அடங்கி, டெய்லர் தட்டும் பெரிய சேகண்டியின் ஒலியோடு முடிவு. நம் பாடல்களுக்குப் பழகிய காது பல்லவி எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்கும். இந்தப் பாட்டில் பல்லவி என்ற ஒன்று வருவதே இல்லை. இதைக் குறிப்பேட்டில் எழுதும்போது, மற்ற பாடல்களில் பல்லவி எதற்காக இருக்கிறது என்பதும் விளங்கத் தொடங்கும்.

மூன்றாம் முறை, டீக்கனின் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு இது எளிது. மற்றவர்களுக்கு முதல் சில முயற்சிகளில் குரல் வந்து கவனத்தை இழுத்துக்கொண்டு போகும். அப்போது பாட்டை நிறுத்திப் பத்து விநாடி பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள். பியானோப் பகுதியில் பேஸ் எந்த இடத்தில் நுழைகிறது என்பதைச் சரியாகச் சொல்ல முடிகிற அன்றைக்கு உங்கள் காது ஒரு வகுப்பு ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

நான்காம் முறை, ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக் கேட்டுவிட்டு, பிறகு மறு காதில் மட்டும் வைத்துக் கேளுங்கள். இந்த முறையை நான் தற்செயலாகத்தான் கற்றேன். தொண்ணூறுகளின் நடுவில், பத்தாம் வகுப்பில் படித்தபோது, கேசட் கடையில் பதிவுசெய்து வாங்கிய ஒரு நாடாவில் இந்தப் பாட்டு இருந்தது. என்னிடம் இருந்த வாக்மேனின் இயர்போனில் வலப்பக்கம் செத்துப்போயிருந்தது. புதிது வாங்கக் காசில்லை. மூன்று மாதம் இடக் காதாலேயே கேட்டேன். ஓபராப் பகுதியில் கலிலியோ என்ற பெயர் அழைக்கப்படும் இடத்தில், ஒரு குரல் கூப்பிட்டதும் ஒரு சிறு வெற்றிடம் வருவதும், அந்த வெற்றிடத்தில் யாரோ பக்கத்து அறையில் முனகுவது போல ஏதோ கேட்பதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எவ்வளவு துணிச்சலான மௌனம் என்று நண்பர்களிடம் சொல்லியும் வந்தேன். தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது, அங்கே இரண்டு பெட்டி வைத்த டேப் ரெக்கார்டரில் அதே நாடாவைப் போட்டேன். இடப் பெட்டியிலிருந்து கீழ்க்குரல் கலிலியோ என்றால், வலப் பெட்டியிலிருந்து உச்சக்குரல் கலிலியோ என்று பதில் சொல்லிற்று. என் மௌனம் முழுவதும் எதிர்ப்பக்கத்துப் பாட்டு. பெரியப்பா மகன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நல்ல இயர்போன் கையில் இருக்கும்போதும் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எந்த ஒலியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதே அப்போதுதான் உறைக்கும்.

அந்த ஓபராப் பகுதியைப் பாடியவர்கள் மூன்றே பேர் என்பதையும் இந்த இடத்தில் தெரிந்துகொள்ளுங்கள். உச்சத்தில் டெய்லர், நடுவில் மெர்க்குரி, கீழே மே. 24 தடம் கொண்ட நாடாவில் இடம் போதாமல், பதிவானவற்றை ஒன்றாகக் கலந்து வேறு தடத்துக்கு மாற்றி, காலியான தடத்தில் மறுபடி பாடி, இப்படியே வாரக்கணக்கில் செய்ததில், நாடாவின் மேல்பூச்சு தேய்ந்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்று மே சொல்லியிருக்கிறார். இதை நீங்களும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். பல தடங்களில் குரலைப் பதிவுசெய்யும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, முதல் தடத்தில் ஷட்ஜத்தையும், இரண்டாவதில் அந்தர காந்தாரத்தையும், மூன்றாவதில் பஞ்சமத்தையும், ஒவ்வொன்றையும் பத்து விநாடி "ஆ" என்று இழுத்துப் பாடிப் பதிவுசெய்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் இரண்டிரண்டு முறை கூடுதலாகப் பாடிச் சேருங்கள். ஒன்பது தடம் சேர்ந்ததும் உங்கள் ஒற்றைக் குரல் ஒரு கூட்டமாக மாறியிருக்கும். சுருதி சற்று விலகினால் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

கைக்கும் வேலை கொடுப்பது

'வீ வில் ராக் யூ'வின் தாளத்தை மேசையில் தட்டாத பள்ளிப் பிள்ளை அரிது. 1977இல் ஸ்டாஃபர்டு நகரில் ஒரு நிகழ்ச்சி முடிந்த பிறகு, கூட்டம் கலையாமல் நின்று தாங்களாகவே பாடத் தொடங்கியதைக் கண்ட மே, இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று யோசித்தார்: காலால் மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். இரண்டு மிதி, ஒரு தட்டு, ஒரு வெற்றிடம் என்று தகதிமியின் நான்கு அட்சரத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. பாட்டில் டிரம்ஸே கிடையாது. லண்டனில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இருந்த ஸ்டுடியோவில், பலகைகளின் மேல் நின்று சிலர் மிதித்துத் தட்டிய ஓசைதான் அது. அதைப் பெருங்கூட்டமாக்க, எதிரொலி சேர்க்கும் கருவியை அப்படியே பயன்படுத்தாமல், ஒவ்வொரு பதிவையும் வெவ்வேறு கால இடைவெளியில் தாமதப்படுத்திச் சேர்த்தார்கள். அந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று பெருக்கமாக அமைந்துவிடாதபடி பகா எண் விகிதங்களைப் பயன்படுத்தியதாக மே விளக்கியிருக்கிறார். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பகா எண்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கொடுக்க ஒரு பதில் ஆயிற்று.

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புபவர்கள், மொட்டைமாடியில் ஒரு பழைய மரப்பலகையைப் போட்டு, நான்கைந்து பேராக நின்று மிதித்துத் தட்டிப் பதிவுசெய்யுங்கள். செயலியில் அதே பதிவை ஏழு பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் 11, 13, 17, 19, 23, 29, 31 மில்லிவிநாடி என்று தள்ளி வையுங்கள். பலகை வேண்டும், சிமெண்டுத் தரையில் மிதித்தால் குதிகால் வலிப்பதுதான் மிச்சம். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

கிட்டார் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் போராட்டம் நடத்துவதற்கு முன்னால், 'ரெட் ஸ்பெஷல்' என்ற கிட்டாரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். விலை கூடிய கிட்டார் வாங்க வசதியில்லாத பிரையன் மே, 1963இல், தம் பதினாறாம் வயதில், மின்னணுவியல் தெரிந்த தந்தையோடு சேர்ந்து கிட்டார் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்துப் பகுதி, ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து செதுக்கியது. அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். உடல் பகுதிக்குப் பழைய மேசை ஒன்றின் கருவாலி மரம். தந்திகளை நெகிழ்த்தும் பொறிக்கு ஒரு கத்தியின் விளிம்பும், பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்கும். விரல் பலகையின் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். முடிக்க இரண்டு ஆண்டு பிடித்தது. குயினின் ஆல்பங்களில் நீங்கள் கேட்கும் மின் கிட்டார் பெரும்பாலும் அதுதான். இடையில் விட்டுப்போன ஆராய்ச்சியை மறுபடி எடுத்து, 2007இல் சூரிய மண்டலத்துத் தூசியைப் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டமும் வாங்கினார் என்பதை, படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோரிடம் தக்க சமயத்தில் எடுத்துச் சொல்லலாம்.

அவர் கிட்டாரை மீட்டுவது பிளாஸ்டிக் பிக்கால் அன்று. பழைய ஆறு பென்னி நாணயத்தால். நாணயத்தின் விளிம்பில் உள்ள வரிகள் தந்தியை உரசும்போது ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் மெல்லிய கரகரப்பு வரும்; 'கில்லர் குயின்' பாட்டின் தனி ஆவர்த்தனத்தில் அதைத் தேடிப் பாருங்கள். காண்டாமிருகப் படம் போட்ட நம் பழைய நாலணாவும் ஏறத்தாழ அதே அளவுதான். வீட்டு உண்டியலில் கிடந்தால் எடுத்து மீட்டிப் பார்க்கலாம், ஆனால் அது எவர்சில்வர் என்பதால் தந்தியைச் சீக்கிரம் தேய்த்துவிடும். இரவல் கிட்டாரில் செய்ய வேண்டாம்.

சொற்களும் செய்திகளும்

பாட்டின் சொற்களைத் திரையைப் பார்த்துப் படிப்பதற்கு முன்னால், காதால் கேட்டு ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். முதல் முயற்சியில் பாதி தப்பாக இருக்கும். பிறகு சரியான வரிகளோடு ஒப்பிட்டு, தப்பிய சொற்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். தெரியாத சொல் வந்தால் விடாதீர்கள். ஸ்காராமூஷ் என்பது பழைய இத்தாலிய நாடக மேடையின் கோமாளிப் பாத்திரம், ஃபான்டாங்கோ என்பது ஸ்பானிய நடனம், பிஸ்மில்லா என்பது "இறைவனின் பெயரால்" என்று பொருள்படும் அரபுத் தொடர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போனதில், எனக்கு ஆங்கிலப் பாடத்தில் கிடைக்காத பல சொற்கள் கிடைத்தன. பாட்டின் 'உண்மையான அர்த்தம்' என்ன என்ற வாதத்தில் மட்டும் இறங்காதீர்கள். எழுதியவரே அதைக் கடைசிவரை விளக்க மறுத்துவிட்டார்.

குழுவைப் பற்றிய செய்திகளைச் சேர்க்கும்போது, நாளையும் ஆண்டையும் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' திரைப்படத்தைப் பார்த்துவிட்டு இந்தக் குழுவுக்குள் வந்தவர்கள் பலர். அந்தப் படத்தில், 1985இல் நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சிக்கு முன்பே மெர்க்குரி தன் எய்ட்ஸ் நோயைப் பற்றி நண்பர்களிடம் சொல்கிறார்; அவரோடு வாழ்ந்த ஜிம் ஹட்டன், நோய் உறுதியானது 1987இல் என்று எழுதியிருக்கிறார். பிரிந்துபோன குழு அந்த நிகழ்ச்சிக்காக மறுபடி கூடியது போலவும் படம் காட்டுகிறது. உண்மையில் அவர்கள் 1985 மே மாதம் வரை ஊர் ஊராக வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1977இல் வந்த 'வீ வில் ராக் யூ', மெர்க்குரி மீசை வைத்த பிறகு பிறப்பதாக வருகிறது. கதைக்காக மாற்றியிருக்கிறார்கள், படமாகப் பார்க்கலாம், வரலாறாக ஒப்பிக்கக் கூடாது.

லைவ் எய்ட்டையே எடுத்துக்கொள்வோம். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி அரங்கம், ஏறத்தாழ 72,000 பேர், மேடையில் 21 நிமிடம். அந்தப் பதிவு இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ஒரு முறை ஒலியோடு பார்த்த பிறகு, இன்னொரு முறை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு மெர்க்குரியின் கையை மட்டும் பாருங்கள். அடி இல்லாத பாதி மைக் கோல், தொடக்க கால நிகழ்ச்சி ஒன்றில் உடைந்துபோனதால் அவர் பிடித்துக்கொண்ட பழக்கம். அது கிட்டாராகவும் வாளாகவும் செங்கோலாகவும் மாறுவதையும், எந்த நொடியில் கூட்டத்தைப் பாடச் சொல்கிறார், எந்த நொடியில் போதும் என்று கையை மடக்குகிறார் என்பதையும் ஒலி இல்லாதபோதுதான் முழுமையாகக் காண முடியும்.

வீட்டாரோடும் நண்பர்களோடும்

இதில் நீண்ட அறிவுரை தேவையில்லை. அம்மாவுக்குப் பாட்டைப் பிடிக்க வைக்க விரும்பினால், 'லவ் ஆஃப் மை லைஃப்' போன்ற அமைதியான ஒன்றை, அவர் கை வேலையில் இல்லாத நேரத்தில், ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பிடித்ததா என்று உடனே கேட்காதீர்கள். நண்பர்களிடம் ஒரு நாளைக்கு ஒரு செய்திக்கு மேல் சொல்ல வேண்டாம். இணையத்தில் விற்கும் அச்சடித்த சட்டைகளில் பெரும்பாலானவை இரண்டு துவைப்புக்கு மேல் தாங்குவதில்லை. ஃப்ரெடி தம் கையால் வரைந்த குழுவின் சின்னத்தில், டீக்கனுக்கும் டெய்லருக்கும் சிம்ம ராசிச் சிங்கம் இரண்டு, மேக்குக் கடக ராசி நண்டு, தமக்குக் கன்னி ராசித் தேவதைகள் இருவர் என்று நான்கு பேரின் ராசியும் இருக்கிறது. அதை நீங்களே ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டினால் சட்டையைவிட நீண்ட நாள் இருக்கும். ஃப்ரெடிக்குப் பிறகு வேறொரு பாடகரோடு மேயும் டெய்லரும் மேடையேறுவது சரியா என்று சண்டை போடும் இடங்களில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 1997க்குப் பிறகு டீக்கன் பொது வாழ்விலிருந்தே ஒதுங்கி அமைதியாக இருக்கிறார். அவரைத் தேடிப் பிடிக்க முயலும் ரசிகர்களோடும் சேராதீர்கள்.

கடைசி இரண்டு ஆல்பங்கள்

வரிசைப்படி வந்தவருக்கு, பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பாக 'இன்னுவெண்டோ' வரும். அது 1991 பிப்ரவரியில் வெளிவந்தது. மெர்க்குரி தமக்கு எய்ட்ஸ் இருப்பதை அதே ஆண்டு நவம்பர் 23இல் அறிவித்து, மறுநாள், தம் 45ஆம் வயதில் காலமானார். இதை முன்பே தெரிந்துகொண்டு நேராக இந்த ஆல்பத்துக்கு ஓடிவருபவர்கள் உண்டு; அப்படி வராதீர்கள். 1973இலிருந்து அந்தக் குரலோடு நடந்து வந்தவருக்குத்தான், 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டில் அது எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பது தெரியும். இந்தச் சுருதியை இந்த உடல்நிலையில் பாட முடியுமா என்று மே தயங்கியபோது, மெர்க்குரி ஒரு மடக்கு வோட்கா குடித்துவிட்டுப் போய்ப் பாடி முடித்தார் என்று மே பலமுறை சொல்லியிருக்கிறார்.

'மேட் இன் ஹெவன்' 1995இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் ஏரிக்கரை ஸ்டுடியோவில், இருக்கும் நாட்களில் முடிந்தவரை பாடிப் பதிவுசெய்துவிட வேண்டும் என்று மெர்க்குரி விட்டுச்சென்ற குரல் தடங்களின் மேலும், அவருடைய பழைய பதிவுகளின் மேலும், மற்ற மூவரும் பின்னர் இசையைக் கட்டியது. அதில் 'மதர் லவ்' என்ற பாட்டை, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, இரண்டு காதிலும் இயர்போனை வைத்துக் கேளுங்கள். கடைசிச் சரணத்தைப் பிறகு வந்து பாடுவதாகச் சொல்லிவிட்டுப் போன மெர்க்குரி திரும்பி வரவில்லை. அந்தச் சரணம் தொடங்கும் இடத்தில் குரல் மாறும், பாடுபவர் மே. முதல் முறை கேட்கும்போது பலர் அந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை. பதினான்கு வாரம் கேட்டு வந்த காதுக்கு அது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.